நடராஜ முதலியாரும் சலனப்படக் கல்வியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில், மேற்கு மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்திருக்கும் சுந்தரபாண்டியத்திலிருந்து வாலிபர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்தவர். சலனப்படத் தொழிலில் ஒளிப்பதிவு கற்கவேண்டுமென்பது அவருடைய ஆசை. தறியில் உட்கார்ந்தால் தகப்பனார் கற்றுக்கொடுப்பார், காமிராவைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். சென்னைக்குச் சென்று எவருடைய வாசலிலாவது வருஷக்கணக்காய்க் காத்திருப்பதைத் தவிர வேறு வழியுண்டா என்றும், இது கௌரவமான வித்தைதானா, அல்லது தகப்பனார் சொல்வதுபோல வெறுங் கூத்தா என்றும் வினவியிருக்கிறார்.

ஒரு விலாசத்தை எழுதியனுப்பி இக்கடிதத்திற்குப் பதில் அளித்துவிடலாம். ஆனால் இது ஒரு வாலிபரின் கேள்வியன்று. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒருவராவது இன்று இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு உலாவுகிறார். நூறு வருஷத்திற்கு முன்னே தென்னாட்டில் இக்கேள்வியை முதன்முதல் எழுப்பி, அதற்குத் தம் சொந்தக் கைகளாலேயே விடை தேடியவர் வேலூரில் பிறந்த ஸ்ரீ ஆர். நடராஜ முதலியார். தமிழ்ச் சலனப்படத்தின் தந்தையென்று அவரைச் சொல்கிறோம். அவர் படமெடுத்தார் என்பதை அறிந்தவர் பலர். அவர் எப்படிக் கற்றார், கற்றது பிறகு என்னவாயிற்று என்பதைச் சிந்தித்தவர் சிலரே. ஆகவே, அவருடைய சரித்திரத்தையே அந்த வாலிபருக்கும் மற்ற நேயர்களுக்கும் பதிலாகத் தருகிறோம்.

முதலியார் 1885-ம் வருஷம் செல்வமுள்ள ஒரு குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே சென்னைக்கு வந்து, தம் உறவினரான ஸ்ரீ தர்மலிங்க முதலியாருடன் கூட்டாக வியாபாரத்தில் இறங்கினார். முதலில் அவர் விற்றது பைசிக்கிள். அக்காலத்தில் ஒரு வண்டியின் விலை 25 ரூபாய் என்று சொல்லுகிறார்கள். பின்னர் 1911-ல் ரோமர் டான் என்னும் கம்பெனியை வாங்கி, அமெரிக்க மோட்டார் வண்டிகளையும் அவற்றின் உதிரிப் பாகங்களையும் விற்கத் தொடங்கினார். சங்கிலியும் பற்சக்கரமும், திருகாணியும் எண்ணெயும் அவருக்குப் பழகிய பொருள்கள். யந்திரத்தைக் கண்டு கும்பிட்டு ஒதுங்குகிறவரல்லர் அவர். அதைக் கழற்றிப் பார்த்து மறுபடியும் மாட்டுகிறவர். பிற்காலத்தில் அவர் செய்த காரியத்திற்கு இந்தப் பழக்கமே முதல் என்பது நமது அபிப்பிராயம்.

அந்நாளில் நம்மவர்க்குச் சலனப்படம் என்பது பார்ப்பதற்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1905-ல், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே உத்தியோகத்திலிருந்த ஸ்ரீ சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமடித்துக் காட்டினார். சென்னையில் ஸ்ரீ ரகுபதி வெங்கையா, 1914 வாக்கில், இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான கெயிட்டி கொட்டகையைக் கட்டினார். கொட்டகை நம்முடையது, கூடாரமும் நம்முடையது, காசு கொடுத்து உட்கார்ந்தவரும் நம்மவர். திரையில் ஓடிய படமோ பெரும்பாலும் அன்னிய தேசத்தது. பஞ்சை இங்கே விளைவித்து, துணியை மாஞ்செஸ்டரிலிருந்து வாங்கிய கதைதான் இதுவும்.

இந்த நிலையை மாற்றலாமென்று முதலில் காட்டியவர் மகாராஷ்டிர தேசத்து ஸ்ரீ தாதா சாஹிப் பால்கே. அவர் 1912-ல் லண்டனுக்குச் சென்று, ஹெப்வொர்த் என்பவருடைய ஸ்டூடியோவில் தொழிலின் முறைகளைக் கற்று, வில்லியம்ஸன் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் எடுத்த ராஜா ஹரிச்சந்திரா 1913-ம் வருஷம் மே மாதத்தில் பம்பாயில் காட்டப்பட்டது. பால்கேயின் படங்களைப் பார்த்த பிறகே, நாமும் ஏன் எடுக்கக்கூடாது என்ற எண்ணம் நடராஜ முதலியாருக்கு உண்டாயிற்று. படம் பார்த்த ஆயிரம் பேருக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. ஒருவருக்கு மாத்திரம் இது எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்வி வந்தது. தொழில்கள் எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன.

எண்ணம் வந்துவிட்டது; கற்பிப்பவர் வேண்டுமே! சென்னை ராஜதானி முழுவதிலும் இக்கலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி இல்லை, ஒரு புத்தகம் தமிழில் இல்லை. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். கர்ஸன் பிரபுவைப் பற்றிய சலனப்படத்தில் வேலை செய்தவர் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். முதலியார் அவரைத் தேடிச் சென்று, நட்புக் கொண்டு, காமிராவைக் கையாளும் முறையின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார். தென்னாட்டுச் சலனப்படக் கல்வியின் முதல் வகுப்பு இதுவே. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. ஸ்மித் நல்ல மனமுடையவராயிருந்தபடியால் வகுப்பு நடந்தது. அவர் முடியாதென்று சொல்லியிருந்தால் முதலியாருக்கு வேறு கதி இருந்திருக்குமா என்பதை நேயர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஊர் திரும்பிய முதலியார், தஞ்சாவூரைச் சேர்ந்த மூப்பனார் என்ற செல்வரிடமிருந்து வில்லியம்ஸன் காமிராவையும் பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். பால்கே லண்டனில் வாங்கியதும் அதே பெயருடைய காமிராவே. 1,800 ரூபாய் என்றால் அவர் கடையில் 72 பைசிக்கிள்களின் விலை. பின்பு கூட்டாளிகளைச் சேர்த்து இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவி, புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் ரோட்டிலிருந்த டவர் ஹவுஸ் என்ற பங்களாவில் ஸ்டூடியோ ஒன்றை அமைத்தார். தென்னிந்தியாவில் ஏற்பட்ட முதல் ஸ்டூடியோ அதுதான். ஐரோப்பாவில் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஸ்டூடியோ என்றதும் இக்காலத்து நேயர்கள் பெரிய மின்சார விளக்குகளை நினைப்பார்கள். அங்கே விளக்கு சூரிய பகவான் ஒருவரே. மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரைபோல் மேலே கட்டி, அதன் வழியாகச் சூரிய வெளிச்சத்தை வடிகட்டித் தரையில் பரவச் செய்து படம் பிடித்தார்கள். வெயில் நேராக விழுந்தால் நடிகரின் கண்ணிலும் மூக்கின் கீழும் கறுத்த நிழல் விழும். துணியின் ஊடே வந்தால் வெளிச்சம் மிருதுவாகும். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். இன்று எத்தனையோ லக்ஷம் ரூபாய் விளக்குகளைக்கொண்டு ஒளிப்பதிவாளர்கள் செய்வதும் இதே காரியந்தான்: வெளிச்சத்தைத் தணித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு விழச் செய்வது. ஒரு முழம் துணியின் அடர்த்தியை அறிந்த நெசவாளர் மகனுக்கு இந்தப் பாடம் அன்னியமாயிராது என்று நம்புகிறோம்.

காமிராவைக் கையாலே சுழற்றவேண்டும். வினாடிக்கு 16 படங்கள் பதியும்படி, இரண்டு சுற்று வீதம், கை தளராமலும் விரையாமலும் ஒரே தாளத்தில் சுற்றவேண்டும். கை மெலிந்தால் திரையில் மனிதர் ஓடுவர்; கை விரைந்தால் திரையில் மனிதர் தயங்குவர். மத்தளக்காரர் காலப்பிரமாணத்தைப் பிடித்திருப்பது போல இதைப் பிடித்திருக்கவேண்டும். பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். முதலியாரின் முதல் படம் 6,000 அடி நீளம். ஆகவே திரையில் ஓடிய நேரம் 6,000 வினாடி, அதாவது 100 நிமிஷம், படங்கள் 96,000, கைச்சுற்று 12,000. அக்காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்புப் புடவை திரையில் கறுப்பாய்ப் போகும். ஆகையால் எந்த நிறம் எவ்வாறு மாறும் என்பதையும் முன்னமே கணக்கிடவேண்டும். இவ்வளவும் கூத்து என்று சொல்லப்பட்ட வித்தையின் உள்ளே இருக்கும் கணிதமும் ரசாயனமுமாம்.

என்ன கதையை எடுப்பது என்பதில் நாடகாசிரியரான ஸ்ரீ பம்மல் சம்பந்த முதலியாரின் யோசனையைக் கேட்டார். மகாபாரதத்தில் விராட நகரத்துக் கீசகனையும் திரௌபதியையும் பற்றிய கதையை அவர் எடுத்துக் கொடுத்தார். முதல் முயற்சிக்கு இப்படிப்பட்ட கதையா என்று உறவினர் சிலர் தடுத்தபோதிலும் நண்பர்கள் ஊக்கம் கொடுத்தார்கள். சுகுண விலாச சபையில் ஸ்திரீ வேஷங்களில் புகழ்பெற்றவரும் நமது வக்கீல் தொழிலைச் சேர்ந்தவருமான ஸ்ரீ ரங்கவடிவேலு முதலியார் நடிகர்களைப் பழக்குவதில் துணை நின்றார். உடையும் அணியும் நிற்கும் பாங்கும் எப்படியிருக்கவேண்டும் என்பதற்கு ரவிவர்மாவின் சித்திரங்களை மாதிரியாகக் கொண்டார்கள். நாடக மேடையிலிருந்து நடிப்பு வந்தது. சித்திரத்திலிருந்து அமைப்பு வந்தது. மோட்டார்ப் பட்டறையிலிருந்து யந்திர ஞானம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் பல பிரிவுகளில் இருக்கவேண்டியவற்றை ஒரு மனிதர் நண்பர்களின் வீடுகளிலே பொறுக்கிச் சேர்த்தார்.

படம் எடுத்தாயிற்று; அதைக் கழுவவேண்டுமே! சென்னையின் உஷ்ணத்தில் பிலிம் கெட்டுவிடும் என்று அஞ்சி, குளிர்ச்சியான பெங்களூரில் ரசாயன சாலையை வைத்தார். வாரம் முழுவதும் சென்னையில் படம் பிடிப்பது. வார முடிவில் பிலிமை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறுவது. அங்கே நாராயணசாமி ஆச்சாரி என்பவரின் துணையுடன் பிலிமைக் கழுவி, விழுந்ததா விழவில்லையா என்று பார்ப்பது. திங்கட்கிழமை காலையில் திரும்பவும் சென்னையில் காமிராவின் பின்னால் நிற்பது. இப்படி ஏறக்குறைய 35 நாள் படப்பிடிப்பு நடந்தது. முதலாளியும் அவர், ஒளிப்பதிவாளரும் அவர், டைரக்டரும் அவர், கழுவினவரும் அவர். தொழிலில் தேர்ச்சி என்பது இந்த ரயில் பிரயாணங்களில் அவருக்குக் கிடைத்தது. தவறு செய்தால் அதற்கு அபராதம் அவருடைய சொந்தப் பணம்.

கீசகவதம் என்னும் அப்படத்திற்குச் செலவு 35,000 ரூபாய். வெளியான வருஷம் 1917 என்பது பெரும்பான்மையோர் கொள்கை. 1916 என்றும் 1918 என்றும் கொள்வாரும் உளர். சென்னையில் எல்பின்ஸ்டன் கொட்டகையில் காட்டப்பட்டது. இந்தியாவில் மட்டுமன்றி, பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் ஆகிய, தமிழர் குடியேறிய தேசங்களிலும் ஓடி 50,000 ரூபாய் ஈட்டியது. மௌனப்படமாகையால், காட்சிகளுக்கு இடையே கதையை எழுத்தில் காட்டவேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதற்குப் பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர் திருவேங்கட முதலியாரும் டாக்டர் குருசாமி முதலியாரும் உதவினார்கள். ஹிந்தி வாசகங்களை எழுதியவர் மகாத்மா காந்தியின் புதல்வர் ஸ்ரீ தேவதாஸ் காந்தி என்பர். மகாத்மா சினிமாவை விரும்பினவரல்லர். அது தீமை என்றே கருதியவர். ஆயினும், தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கதை சொல்லும் கருவி இது என்பதை அக்காலத்திலேயே சிலர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது அத்தாட்சி.

பின்னர் முதலியார் திரௌபதி வஸ்திராபஹரணம், லவகுசா, ருக்மிணி சத்தியபாமா, மார்க்கண்டேயர், மயில் ராவணன், காளிங்க மர்த்தனம் முதலிய படங்களை வரிசையாக எடுத்தார். ஜனங்கள் அறிந்த புராணக் கதைகளையே அவர் எடுத்ததற்குக் காரணம் உண்டு. படிக்கத் தெரியாதவரும் கதையை முன்பே அறிந்திருப்பர்; ஆகையால் பேச்சில்லாத படம் அவருக்கு விளங்கும். ஆறு ஏழு வருஷம் இவ்வாறு தொழில் நடந்தது.

1923-ம் வருஷத்தில் பெருந்துன்பம் நேர்ந்தது. ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. அத்தீ முதலியாருடைய மகனின் உயிரையும் கொண்டுபோயிற்று. அக்காலத்துப் பிலிம் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீரிலே அமிழ்த்தினாலும் அணையாத இயல்புடையது. அதைக் கையாண்ட இடமெங்கும் நெருப்பு அடுத்த வீட்டுக்காரரைப் போலவே இருந்து வந்தது. பணம் போனால் திரும்பத் தேடலாம். மகன் போனபின் எந்தத் தகப்பனுக்குக் காமிராவின் கைப்பிடியைத் தொட மனம் வரும்? நடராஜ முதலியார் சலனப்படத்தை விட்டு அத்துடன் விலகினார். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு உயிருடனிருந்து, பேசும்படமும் வர்ணப்படமும் தம் கண்ணெதிரே பெருகியதைப் பார்த்து, 1971-ல் காலமானார்.

அவர் எடுத்த படங்களில் ஒன்றேனும் இன்று இல்லை. 96,000 படங்களைப் பதித்த முதற்படத்திலிருந்து பார்க்கத்தக்க ஒரு துண்டும் எஞ்சவில்லை. தென்னாட்டு மௌனப்படங்களில் நமக்குக் கிடைத்திருப்பது 1933-ல் நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த மார்த்தாண்ட வர்மா ஒன்றே என்று சொல்லலாம். இந்த இழப்பைப்பற்றி வருந்தாதவர் இல்லை. ஆனால் இதனிலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அதைப்பற்றி எவரும் வருந்தக் காணோம். முதலியார் கற்ற வித்தையே அந்த இழப்பு. துணியை எவ்வளவு உயரத்தில் கட்டவேண்டும், சென்னை வெயிலில் எந்த மாதம் எந்த நேரம் படம் பிடிக்க ஏற்றது, இந்நாட்டு நீரில் பிலிம் எத்தனை நிமிஷத்தில் கழுவப்படும் என்று அவர் சொந்தச் செலவில் கண்டறிந்ததையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கவும், ஒரு பள்ளியில் சொல்லி வைக்கவும் தேசத்தில் இடமில்லாமல் போயிற்று. தீ ஸ்டூடியோவை எரித்தது; பள்ளியில்லாத குறை அனுபவத்தை எரித்தது.

அதனால் நேர்ந்தது என்ன? பின்வந்தவர் ஒவ்வொருவரும் ஆதியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. கெயிட்டி வெங்கையா தம் குமாரர் பிரகாஷை மேல்நாட்டுக்கு அனுப்பிக் கற்கச் செய்தார். அவர் திரும்பி வந்து 1921-ல் பீஷ்ம பிரதிக்ஞை என்ற படத்தை எடுத்தார். 1931-ல் தமிழ் பேசிய முதல் படமான காளிதாஸை எடுக்கத் தமிழ் நடிகர்கள் பம்பாய்க்குச் செல்லவேண்டியதாயிற்று. 1934-ல் ஸ்ரீ ஏ. நாராயணன் சென்னையிலேயே பேசும்பட ஸ்டூடியோவை அமைத்தபோது, ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டு அவ்வேலையை நடத்தியவர் அவருடைய மனைவி ஸ்ரீமதி மீனாக்ஷி. இந்தியாவில் ஒலிப்பதிவு செய்த முதல் பெண்மணி அவரென்று சொல்லுவர். அடுத்த வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து எல்லிஸ் டங்கன் என்பவர் வந்து, தமிழ் ஒரு வார்த்தையும் அறியாமலே, தமிழ்ப் படங்களை நடத்தினார். அவரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர் திறமைசாலி, நமக்கு நல்ல படங்களைத் தந்தார். அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றே: அவருடைய தேசத்தில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாவை ஒரு கல்வியாகப் போதித்தார்கள், அவர் அங்கே படித்திருந்தார். தமிழ் அறியாத ஒருவர் தமிழ்ப் படத்தை நடத்தும்படி செய்தது அந்தக் கல்வியேயன்றி வேறில்லை.

அன்னிய அரசாங்கமும் இந்தக் குறையை அறியாதிருக்கவில்லை. சென்னை வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காசாரியாரைத் தலைவராகக் கொண்டு 1927-ல் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தார்கள். அக்கமிட்டி தேசமெங்கும் சுற்றிச் சாக்ஷியம் கேட்டு 1928-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியப் படத் தொழிலை வளர்க்கவேண்டுமென்று அது கூறிய யோசனைகள் பெரும்பாலும் கிடப்பில் கிடந்தன. படத்தைத் தணிக்கை செய்ய உத்தியோகஸ்தர் கிடைத்தார்கள். படமெடுக்கக் கற்பிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. ஜனங்களைத் தட்டியெழுப்பிய தியாகபூமியை 1940-ல் தடைசெய்யத் தெரிந்த அரசாங்கத்திற்கு, ஒரு பள்ளிக்கூடம் கட்டத் தெரியாமற் போனதில் வியப்பில்லை.

கடைசியாக 1945-ம் வருஷத்தில் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் வகுப்புகள் ஏற்பட்டன. கீசகவதம் எடுத்து 28 வருஷங்களுக்குப் பிறகு இது நிகழ்ந்தது. அந்த விதையே வளர்ந்து, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரால் விளங்கும் அரசாங்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக இருக்கிறது. அகில இந்தியாவுக்கும் உரிய நிறுவனம் 1960-ல்தான் பூனாவில், பழைய பிரபாத் ஸ்டூடியோவில், தொடங்கப்பட்டது. ஸ்மித் முதலியாருக்குச் சொல்லிக்கொடுத்த அதே பூனா நகரத்தில் அந்தப் பள்ளி அமைந்தது பொருத்தமே. சென்னை நிறுவனத்தில் பயின்ற வாலிபர்கள் கூடி 1986-ல் ஊமை விழிகள் என்ற படத்தை எடுத்து, பெரிய முதலாளிகளும் திரும்பிப் பார்க்கும்படி செய்தார்கள். பள்ளி கொடுத்த தைரியம் எப்படிப்பட்டதென்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். நடராஜ முதலியார் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லையே; உண்மையான ஆர்வமுள்ளவனுக்குப் பள்ளி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இன்றும் படத்தொழிலில் உயர்ந்து நிற்போர் பலர் இப்படியே பேசுகின்றனர். அவர்களுக்கு நமது பதில் இது. முதலியாரிடம் மோட்டார்க் கம்பெனி இருந்தது. 1,800 ரூபாய் கொடுத்துக் காமிரா வாங்கவும், 35,000 ரூபாய் போட்டுத் தவறுசெய்து பார்க்கவும், வாரந்தோறும் பெங்களூருக்கு ரயிலேறவும் அவரால் முடிந்தது. செல்வர் தம் செலவில் கற்பார். ஏழையின் செலவில் கற்பிப்பது யார்? பள்ளியில்லாத இடத்தில் வித்தை செல்வருக்கும் அவர் மக்களுக்குமே உரிமையாகும். வித்தையைக் குலவழியில் அடைத்து வைப்பது கூடாதென்று மேடைதோறும் முழங்கும் நாம், இக்காலத்தின் மிகப் பெரிய கதைசொல்லும் கருவியை மாத்திரம் ஒரு சில வீடுகளுக்குள் பூட்டி வைக்கலாமா?

மற்றொரு கூட்டத்தார், எடுபிடியாய் நின்று கற்பதே உண்மையான கல்வி என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. வக்கீல் தொழிலிலும் ஒரு பெரியவரிடம் ஜூனியராக நின்று பழகாதவர் தேறுவதில்லை. நாமும் அப்படி நின்றவர்களே. ஆனால் அதற்கு முன்னே சட்டக் கல்லூரி உண்டு; பரீட்சை உண்டு; யாருடைய தயவுமின்றி நுழையத்தக்க பொதுவாசல் ஒன்று உண்டு. அவ்வாசல் இல்லாமல், சிபார்சின் பேரில் மட்டுமே நுழையத்தக்க தொழிலில், கூலியின்றி ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று நிற்கும் உதவியாளரின் நிலையைக் குருகுலவாசம் என்று சொல்வது பெயரளவிலேதான். குரு சாப்பாடு போட்டார். இங்கே சாப்பாட்டுக்கு ஊரிலுள்ள தகப்பனார் தறியிலிருந்து பணம் அனுப்பவேண்டியிருக்கிறது.

சுந்தரபாண்டியத்து வாலிபருக்கு இனி நேராகச் சொல்லுகிறோம். இது கூத்தன்று, கூத்தாயினும் அது இழிவன்று. கணிதமும் ரசாயனமும் சித்திரமும் சங்கீதமும் ஒருங்கே கூடிய வித்தை இது. தரமணி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, டைரக்ஷன், சித்திர அசைவு முதலிய பிரிவுகள் அங்கே உண்டு. நான்கு வருஷப் படிப்புக்குப் பட்டமும் உண்டு. அரசாங்க நிறுவனமாகையால், தனியார் பள்ளிகள் பல கேட்கும் பெருந்தொகை அங்கே வேண்டியதில்லை. இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டாம். கையில் இருக்கும் கைப்பேசியே முதலியாரின் வில்லியம்ஸன் காமிராவைவிட எத்தனையோ மடங்கு வல்லமையுள்ளது. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் தகப்பனாருடைய தறியின்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று ஒரு மாதம் பார்த்துப் படம் பிடியுங்கள். எது ஏன் நன்றாயிருந்தது என்று எழுதி வையுங்கள். முதலியார் பெங்களூரில் செய்தது இதுவே: பிடித்ததைப் பார்த்து, தவறைக் கண்டு, திங்கட்கிழமை திருத்திக்கொண்டது.

ஆனால் அந்த வாலிபருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமாகாது. தேசத் தொண்டில் ஈடுபட்ட நேயர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. சுந்தரபாண்டியத்திற்கும் தரமணிக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பிரிவிலும் உள்ள இடங்கள் மிகச் சிலவே. ஏழரைக் கோடி ஜனங்களைக் கொண்டு, உலகமெங்கும் படம் அனுப்பும் ஒரு நாட்டிற்கு இது போதுமா? தென் ஜில்லாக்களில் இருக்கும் பாலிடெக்னிக்குகளில் ஒலிப்பதிவுக்கும் ஒளிப்பதிவுக்கும் வகுப்புத் தொடங்கும்படி அரசாங்கத்தை வற்புறுத்தவேண்டும். நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் யந்திரம் அறிந்த வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. பாட புத்தகங்களைத் தமிழில் எழுதுவிக்கவேண்டும். ஆங்கிலம் அறியாத குற்றத்திற்காக ஒரு நல்ல கண் குருடாகக் கூடாது. உதவியாளராக வேலை செய்பவருக்கு முதல் மாதத்திலிருந்தே கூலி கொடுக்கவேண்டுமென்பதை விதியாக்கவேண்டும். முதிர்ந்த ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் அறிந்ததை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுத்திலும் படத்திலும் பதிந்து வைக்கவேண்டும். இவற்றில் ஒன்றும் அசாத்தியமன்று. வாசகசாலையில் ஒரு தீர்மானம், சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு மகஜர், ஓயாத முயற்சி, இவையே வேண்டியவை.

அன்னியத் துணியை விலக்கியபோது நாம் செய்தது துணியைக் கொளுத்தியதோடு முடியவில்லை. வீட்டுக்கு வீடு இராட்டை சுற்றக் கற்றுக்கொடுத்தோம். கற்பிப்பதே சுதேசியத்தின் சாரம். விலக்குவது அதன் தொடக்கம் மாத்திரமே. நடராஜ முதலியார் காமிராவின் கைப்பிடியைச் சுற்றியதும் ஒருவகை இராட்டையே. அவர் தனியே சுற்றினார்; அவருக்குப் பிறகு அந்தக் கைப்பிடியை வாங்கிக்கொள்ள மகனும் இல்லை, மாணவர் பள்ளியும் இல்லை. அவருக்குச் சிலை வைப்பதைப்பற்றி நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆயினும், வேலூரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு சிறு வகுப்பறைக்கு அவர் பெயரை வைத்து, அதில் முதல் பெஞ்சியில் சுந்தரபாண்டியத்து நெசவாளர் மகனை உட்காரவைப்பதே அவர் கேட்டிருக்கக்கூடிய ஞாபகச்சின்னம் என்று கருதுகிறோம்.